வலி போய்விட்டது, எலும்பு இன்னும் ஆறவில்லை

பல் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர் ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று தெம்பாக நடமாடத் தொடங்குவது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில். வீக்கம் வடிந்திருக்கும். தையல் பிரித்திருப்பார்கள். மாத்திரையும் தீர்ந்திருக்கும். நாக்கால் தடவிப் பார்த்தால் ஈறு வழவழவென்று இருக்கும். தாடை எலும்புக்குள் அந்த டைட்டானியம் திருகின் பிடி மிகவும் தளர்ந்து நிற்பதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். இது பலருக்குத் தெரிவதில்லை. முதல் மூன்று நாள் எப்படி இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் வரிவரியாகச் சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டாரும் கவனமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். நான்காவது வாரத்தில் யாரும் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பதில்லை.

பல் போனால் செட்டுப் பல், இல்லையென்றால் பக்கத்துப் பற்களை ராவி ‘பிரிட்ஜ்’ கட்டுவது என்று இரண்டே வழியோடு இருந்த சிறு நகரங்களுக்கும் இம்ப்ளான்ட் வந்து சேர்ந்துவிட்டது. ராமநாதபுரம் மாவட்டத்துப் பரமக்குடிக்காரர்களுக்கு மதுரையும் தூரமில்லை, 80 கிலோமீட்டருக்குள் நான்கு வழிச் சாலை. காலையில் போய், ஊசி போட்டு மரக்க வைத்து, திருகைப் பொருத்திக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கன்னத்தில் கைவைத்தபடி வீடு திரும்பிவிடலாம். ஒரு பல் என்றால் அந்த வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. அதற்குப் பிறகான மூன்று, நான்கு, சிலருக்கு ஆறு மாதங்கள் முழுக்க வீட்டில்தான். பல ஆயிரம் ரூபாய் செலவழித்து வைத்த திருகு நிலைக்குமா, கழன்று கையோடு வருமா என்பதில் அந்த மாதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த மருத்துவம் பிறந்ததே எலும்பின் பொறுமையான வேலையைக் கண்டுகொண்டதால்தான். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், 1950-களின் தொடக்கத்தில், எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன ஒரு சிறு நோக்குக் கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் அது வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்டிருந்தது. 1965-ல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளை அவர் வைத்தார். லார்சனுக்குப் பிறவியிலேயே அண்ணப் பிளவும் தாடைக் குறைபாடும் இருந்தன, கீழ்த்தாடையில் பல்லே இல்லை. 2006-ல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் திருகுகள் உழைத்தன. பிரோனமார்க் விதித்த கட்டுப்பாடு கடுமையானது. திருகை ஈறுக்கு அடியில் வைத்து மூடிவிட வேண்டும். கீழ்த்தாடை என்றால் மூன்று மாதத்துக்கு மேல், மேல்தாடை என்றால் ஆறு மாதம்வரை அதன்மேல் பாரமே விழக் கூடாது. இன்று திருகுகளின் மேற்பரப்பு மேம்பட்டு, காத்திருக்கும் காலம் குறைந்திருக்கிறது. எலும்பு நல்ல உறுதியாக உள்ள சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல்லும் வைக்கிறார்கள். ஆனாலும் எலும்பு தன் வேலையைத் தன் வேகத்தில்தான் செய்கிறது.

முருங்கைப் போத்து நட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். குழி தோண்டி நட்டு, மண்ணை மிதித்து இறுக்கிய அன்று போத்து ஆடாமல் நிற்கும். அது மண் கொடுத்த இறுக்கம். வேர் பிடித்து நிற்பது அதற்கு வெகு நாள் கழித்து. நடுவில் மண் இளகி, வேரும் முழுதாக இறங்காத நாட்களில் ஒரு மாடு வந்து உரசினால் போதும், போத்து பட்டுப்போகும்.

தாடையிலும் அதே கதைதான். எலும்பில் போட்ட துளையைவிடச் சற்றே பெரிய திருகை முறுக்கி இறக்குவதால் முதல் நாளில் அது இறுக்கமாக நிற்கிறது. அடுத்த நாட்களில், துளை போடும்போது நசுங்கிய எலும்பை உடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அகற்றுகிறது. அந்த இடத்தில் புது எலும்பு இளசாகத் துளிர்த்து, மெல்ல மெல்ல உரம் ஏறுகிறது. பழைய பிடி இறங்கிக்கொண்டே வர, புதிய பிடி ஏறிக்கொண்டே வருகிறது. இரண்டும் சேர்ந்தும் குறைவாக இருக்கும் கட்டம் ஏறத்தாழ மூன்றாவது, நான்காவது வாரம். அப்போது திருகு சுமார் 0.15 மில்லிமீட்டருக்கு மேல் திரும்பத் திரும்ப அசைந்தால், அதைச் சுற்றி எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும். நார் சூழ்ந்த திருகை எலும்பு பிறகு பிடிப்பதில்லை. கழற்றி எடுத்து, ஆறவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முதல் நாளுக்கு வருவோம். காயத்தின்மேல் உறைந்த ரத்தத்தைக் கலைக்காமல் காப்பாற்றுவதுதான் அன்றைய வேலை. மருத்துவர் வைத்துவிட்ட பஞ்சை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். எச்சிலைத் துப்பாமல் விழுங்க வேண்டும். இது நம் ஊரில் எளிதான காரியமில்லை. வாயில் ரத்தச் சுவை தட்டியதும் வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு வருவார்கள். துப்பும்போதும், கொப்பளிக்கும்போதும், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சும்போதும் வாய்க்குள் ஏற்படும் இழுப்பு உறைந்த ரத்தத்தைப் பெயர்த்துவிடும். இளநீர் குடிக்கலாம், டம்ளரில் ஊற்றி. எச்சில் ஒரு நாள் இளஞ்சிவப்பாக வருவது சாதாரணம். ரத்தம் தொடர்ந்து கசிந்தால், சுத்தமான பஞ்சையோ நனைத்துப் பிழிந்த டீ பையையோ வைத்து மறுபடி ஒரு மணி நேரம் கடிக்கலாம். டீயில் உள்ள துவர்ப்பு ரத்தம் உறைய உதவும். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். உதடும் நாக்கும் மரத்திருக்கும் வரை சூடான காபி, டீ வேண்டாம். சுட்டாலும் தெரியாது, உதட்டைக் கடித்தாலும் தெரியாது. இரவில் தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுத்தால் வீக்கம் குறைவாக இருக்கும்.

வீங்கிய கன்னத்தைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர்களின் கை தவிட்டு ஒத்தடத்துக்கோ வெந்நீர் ஒத்தடத்துக்கோ போகும். முதல் இரண்டு நாளும் சூடு கூடவே கூடாது. ஐஸ் கட்டியைப் பாலிதீன் பையில் போட்டு, துண்டில் சுற்றி, கன்னத்தின் வெளிப்புறத்தில் பதினைந்து நிமிடம் வைப்பது, அடுத்த பதினைந்து நிமிடம் எடுப்பது என்று விட்டுவிட்டுச் செய்ய வேண்டும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அறுவை செய்த அன்று மாலையில் லேசாக இருந்த கன்னம் மறுநாள் உப்பியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நான்காம் நாளிலிருந்து இறங்கும். வயதானவர்களுக்குக் கன்னத்திலும் கழுத்திலும் நீலமாகவோ மஞ்சளாகவோ கன்றிப்போவதும் உண்டு. ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். வெந்நீர் ஒத்தடம் வேண்டுமென்றால் இரண்டு நாள் கழித்து, அதுவும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு.

சாப்பாட்டு விஷயத்தில்தான் வீடுகளில் பெரிய சண்டையே. “முட்டை குடுக்காதீங்க, சீழ் வச்சிரும்” என்பார் அப்பத்தா. பருப்பு ஆகாது, தயிர் ஆகாது, மீன் ஆகாது என்று பட்டியல் நீளும். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில் வரும் பேச்சு அது. ஆனால் பத்தியம் என்ற பெயரில் ஒரு வாரம் அரிசிக் கஞ்சியோடு மட்டும் கிடந்தால் காயம் ஆறுவது தாமதமாகும். புது ஈறும் புது எலும்பும் உருவாகப் புரதம் வேண்டும். சீழ் வைப்பது கிருமியால். முட்டையாலோ பருப்பாலோ சீழ் வைப்பதில்லை. குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, அரைவேக்காடாக இல்லாமல் நன்றாக வெந்த முட்டையை மசித்தது, முள் நீக்கிய மீனைக் காரமில்லாமல் அவித்து உதிர்த்தது, புளிக்காத தயிர் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், தேங்காய்ப் பாலில் ஊறிய இடியாப்பம், பாலில் ஊறவைத்த இட்லி எதற்கும் பல் தேவையில்லை. பனை நிறைந்த ராமநாதபுரம் சீமையில் கோடை என்றால் இளம் நுங்கு கிடைக்கும். குளிர்ச்சியாக வழுக்கிக்கொண்டு இறங்கும் அதைவிடப் பொருத்தமான உணவு முதல் வாரத்துக்கு வேறு இல்லை.

தவிர்க்க வேண்டியவை பெரும்பாலும் சின்னச் சின்னப் பொருட்கள். தயிர் சாதத்தில் தாளித்துக் கொட்டிய கடுகு, துவையலில் உள்ள எள், வத்தல் குழம்பில் மிதக்கும் மிளகாய் விதை எல்லாம் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் வெளியே வருவது கஷ்டம். நோயாளிக்கென்று தாளிக்காமல் கொஞ்சம் தனியே எடுத்துவைத்தால் முடிந்தது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் இந்தப் பகுதிச் சமையலின் பெருமை; அதன் காரம் பச்சைப் புண்ணில் படாமல் இரண்டு வாரம் ஒதுக்கிவைப்பது நல்லது. முறுக்கு, கடலை, கரும்பு, எலும்புக் கறி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இருபத்து நான்கு மணி நேரம் கழித்து உப்புத் தண்ணீரில் வாய் அலசத் தொடங்கலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும். மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதையே பிடித்துக் கொப்பளித்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது தெரியாது. குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, அளந்து உப்புப் போடுவதே சரி. கடகடவென்று கொப்பளிக்காமல், தண்ணீரை வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, வாயைத் திறந்து வழியவிட வேண்டும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருந்தால் சொன்ன நாள் வரைக்கும் மட்டும் போதும். அதிக நாள் பயன்படுத்தினால் பற்களில் கறை படியும், நாக்கில் ருசி மாறும். நல்லெண்ணெய் கொப்பளிப்பவர்கள் காயம் மூடும்வரை அதை நிறுத்திவைக்கலாம். கிராம்புத் தைலத்தைத் தொட்டு வைப்பது, விபூதி அப்புவது, சிவப்புப் பல்பொடியை விரலால் தேய்ப்பது எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். மற்றப் பற்களை மறுநாளே மெதுவாக பிரஷ் செய்யலாம், செய்யவும் வேண்டும். தையல்மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மெல்லிய படலம் தெரிந்தால் அதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டிவிடக் கூடாது. காயம் ஆறும்போது படியும் படலம் அது.

புகையும் வெற்றிலை பாக்கும் தனியாகப் பேச வேண்டியவை. புகை ரத்தக் குழாய்களைச் சுருக்கி, காயத்துக்கு வரும் ரத்தத்தைக் குறைக்கிறது. புகைப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. வெற்றிலை போடுபவர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. சுண்ணாம்பு பச்சை ஈறை அரிக்கும், கொட்டைப் பாக்கைக் கடிக்கும் விசை நேராகத் திருகில் இறங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. புதுப் பல்லுக்காக மூன்று மாதம் நிறுத்துபவர் அப்படியே நிறுத்திவிட்டால், பல்லோடு சேர்த்து வாயையும் காப்பாற்றிக்கொள்வார்.

நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளும் வயதும் சர்க்கரை வரும் வயதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால், பல் மருத்துவர்கள் மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டே நாள் குறிக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது வேறு. வாய் வலிக்கிறதே என்று ஜூஸ், ஐஸ்கிரீம், குளுக்கோஸ் தண்ணீராகக் கொடுத்து ஒரு வாரத்தில் சர்க்கரையை எகிறவைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் நோயாளி ஒன்றும் சாப்பிடாமல், வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் எடுத்துக்கொண்டு, வியர்த்து நடுங்கி மயங்குவார். சாப்பாட்டின் அளவு குறையும் நாட்களில் மருந்தை எப்படி மாற்றுவது என்று சர்க்கரை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது மிக அவசியம். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் கசிகிறதே என்று தாங்களாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அறுவைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அவற்றில் சில தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கும்.

வலி மாத்திரையை, மரப்பு முழுதாகத் தெளிவதற்குள் முதல் வேளை போட்டுக்கொண்டால் இரவு நிம்மதியாகக் கழியும். அது போதவில்லை என்று மெடிக்கலில் கேட்டு இன்னொன்று வாங்குவதில்தான் ஆபத்து. இரண்டு மாத்திரையிலும் பாரசிட்டமால் இருந்தால் அளவு கூடி ஈரலைப் பாதிக்கும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் ஆகவே ஆகாது. ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால் வலி நின்றதும் பாதியில் விட்டுவிடாமல், எழுதிய நாள்வரை போட வேண்டும்.

வேலைக்கு எப்போது போகலாம்? மேசை வேலை என்றால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ போகலாம். பரமக்குடியிலும் ஆற்றுக்கு அக்கரையில் எமனேசுவரத்திலும் குழித்தறியில் குனிந்து நெய்பவர்களுக்கு இன்னும் சில நாள் ஓய்வு வேண்டும். குனியும்போது தலைக்கு ரத்தம் ஏறிக் காயம் விண்விண்ணென்று தெறிக்கும், முதல் மூன்று நாளில் ரத்தமும் கசியலாம். மூட்டை தூக்குபவர்கள் ஒரு வாரம் தள்ளிப்போடுவது நல்லது. மிளகாய் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. மேல்தாடையின் கடைவாய்ப் பகுதியில் எலும்புக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. அங்கே எலும்பு மெலிந்திருந்தால் சைனஸ் சவ்வைத் தூக்கி எலும்பு வைத்து இம்ப்ளான்ட் பொருத்துவார்கள். அப்படிச் செய்துகொண்டவர் இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். வத்தல் மூட்டை பிரிக்கும் கிட்டங்கிக்குள் இந்த நாட்களில் நுழையாமலிருப்பதே உத்தமம். நாள் குறிக்கும்போதே, வீட்டுக் கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைத் திருவிழாவையும் பார்த்துக் குறித்தால் விருந்துக்கும் வெயிலுக்கும் நடுவே திண்டாட வேண்டியதில்லை.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. கீழ்த்தாடையில் வைத்த பிறகு, ஊசியின் மரப்பு தெளிய வேண்டிய நேரம் தாண்டியும் உதடோ மோவாயோ மரத்தே இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். திருகு நரம்பை அழுத்துகிறது என்றால் ஒன்றிரண்டு நாளுக்குள் எடுத்தால்தான் நரம்பு மீளும் வாய்ப்பு அதிகம். ‘ஒரு வாரத்தில் சரியாகிவிடும்’ என்று பொறுத்திருந்து உணர்ச்சியை நிரந்தரமாக இழக்கக் கூடாது. மூன்று நாளில் குறைய வேண்டிய வலி நான்காம் நாளில் ஏறினால், காய்ச்சல் அடித்தால், சீழ் வடிந்தால், குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தால் அதுவும் உடனே காட்ட வேண்டியதுதான். வீக்கம் நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் பரவி, விழுங்கவோ மூச்சுவிடவோ முடியாமல் போனால் பல் மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இத்தனையும் கடந்து வருவதுதான் அந்த மூன்றாவது வாரம். வலி இல்லாததால் கை தானாகவே முறுக்குக்குப் போகும். பக்கத்துப் பல்லில்தானே கடிக்கிறோம் என்று தோன்றும். பழைய செட்டுப் பல்லை எடுத்து மாட்டிக்கொள்ளத் தோன்றும். கல்யாண வீட்டுக்குப் பொக்கை வாயோடு எப்படிப் போவது என்ற கூச்சம் நியாயமானதுதான். ஆனால் செட்டின் அடிப்பகுதி ஈறின் வழியாகத் திருகை ஒவ்வொரு கடியிலும் அழுத்திக்கொண்டே இருக்கும். மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினால் அந்த இடத்தில் குடைந்து, மெத்தென்ற பொருள் வைத்துத் தருவார். ஈறுக்கு வெளியே சிறு உலோக மூடி தெரிகிற மாதிரி வைத்திருந்தால், நாக்கால் அதை நெருடும் பழக்கத்தைக் கவனித்து விட வேண்டும். மூடி மட்டும் கழன்று வந்தால் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனால் திரும்ப மாட்டிவிடுவார்கள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் அதை முன்பே சொன்னால் இரவில் போட்டுக்கொள்ள உறை செய்து தருவார்கள். எந்தக் கட்டத்திலும் திருகே ஆடுவது தெரிந்தால் அதை ஆட்டி ஆட்டிப் பார்க்காமல் போய்க் காட்ட வேண்டும்.

இந்தக் கடலோர மாவட்டத்தில் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். ஒரு மாத, ஒன்றரை மாத விடுப்பில் ஊருக்கு வந்து, அங்கே செலவு அதிகமென்று பல் வேலையை இங்கே முடித்துக்கொண்டு போகிறார்கள். முதல் வாரமே திருகு வைத்துக்கொண்டாலும்கூட, எலும்பின் பிடி தளர்ந்திருக்கும் நாட்களில் அவர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். திரும்பிப் போனதும் மெஸ் சாப்பாடு, பாரம் தூக்கும் வேலை, பக்கத்தில் கேட்க ஆளில்லை. அதனால் விடுப்பின் கடைசி நாட்களுக்குத் தள்ளாமல் வந்ததும் வைத்துக்கொள்வதும், புறப்படுமுன் ஒருமுறை காட்டிவிட்டுப் போவதும் நல்லது. அந்த ஒரே விடுப்பில் திருகின்மேல் வரும் பல்லையும் கட்டிவிடச் சொல்லி மருத்துவரை நெருக்குவது வேண்டாம். அதை அடுத்த விடுப்பில் கட்டிக்கொள்ளலாம். ஈறுக்கு அடியில் திருகு கூடுதலாகச் சில மாதம் காத்திருப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை.

பல் கட்டிய பிறகும் வலியை நம்ப முடியாது என்பதுதான் இம்ப்ளான்டின் குணம். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நரம்போடு கூடிய மெல்லிய தசைநார் உண்டு. கல் கடித்தால் சட்டென்று சொல்வது அதுதான். இம்ப்ளான்டில் அது கிடையாது, திருகு நேராக எலும்பில் நிற்கிறது. சுற்றியுள்ள ஈறில் நோய் வந்து எலும்பு கரைந்தாலும் பல வேளைகளில் வலிப்பதில்லை. பிரஷ் பண்ணும்போது அந்தப் பல்லைச் சுற்றி ரத்தம் கசிவதே முதல் அடையாளம். இடுக்கு பிரஷால் தினமும் சுத்தம் செய்வதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவதும் அதற்காகத்தான். திருகின் நிறுவனம், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுத்தாளைக் கேட்டு வாங்கி எக்ஸ்ரேயோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில், வேறு நாட்டில், பல்லைத் திருகோடு இணைக்கும் உள்திருகு தளர்ந்தால், எந்தச் சாவியைப் போட்டு இறுக்குவது என்று அங்குள்ள பல் மருத்துவருக்கு அந்தத் துண்டுத் தாளைப் பார்த்தால்தான் தெரியும்.